மூன்றாம் மாடிச் சுறா செத்தது பற்றி வாலாம்பாள் சொன்னது

மாட்டுங்கா, பம்பாய். 1966 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. போலீஸ் ஸ்டேஷனில் வைத்துச் சொன்னது.

என் பெயர் வாலாம்பாள். வயது நாற்பத்தெட்டு. வீட்டு வேலை தவிர வேறு உத்தியோகம் கிடையாது. தெலங் ரோடு, சாரதா நிவாஸ், மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். கணவர் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எங்களில் இல்லாததால், ஏட்டையா பூதத்தான் அதைப் புகார்க் காகிதத்தில் பார்த்து அனந்தநாராயணன் என்று எழுதிக்கொண்டார். அவர் பம்பாய்க் கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் சூப்பரின்டெண்டெண்ட். இந்த வழக்கில் புகார் கொடுத்தவரும் அவர்தான். எனக்கு மராட்டி எழுத வராது, ஹிந்தி பஜாரோடு சரி. ஆகவே நான் தமிழில் சொல்ல, ஏட்டையா தமிழிலேயே எழுதுகிறார். பிறகு மராட்டியில் மாற்றி எழுதி இன்ஸ்பெக்டரிடம் கொடுப்பாராம். என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன். சுறா மீனுக்கு விஷம் வைத்துக் கொன்றாள் என்று நேற்றிலிருந்து இங்கே உட்கார்த்தி வைத்திருக்கும் லூசியம்மாள் அப்படிச் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

சுறா எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று ஏட்டையா கேட்டார். கேட்கும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். சிரிக்கட்டும். பூண்டு கூட வாசல்படி ஏறாத வீட்டில் சுறா என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது.

போன வருஷம் தீபாவளி கழித்து, ஆபீஸுக்கு வந்த கப்பல் கேப்டன் ஒருவர் என் கணவருக்கு ஒரு சீமைப் பத்திரிகை கொடுத்தார். அதில் யாரோ ஒரு துரை வீட்டு ஹாலில், பெரிய கண்ணாடித் தொட்டிக்குள் சுறா கிடக்கிற படம் இருந்தது. அதன் பிறகு அவருக்கு வேறு பேச்சே இல்லை. மாட்டுங்காவில் இப்போது வீட்டுக்கு வீடு தங்க மீன் வைத்திருக்கிறார்கள். தங்க மீனை எந்தக் குமாஸ்தாவும் வைப்பான், நாம் சுறா வைப்போம் என்றார். நான் வேண்டாம் என்றேன். ஒரு தடவை இல்லை, தினம் சொன்னேன். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அதன் பிறகு தாராவியில் பட்டறை வைத்திருக்கும் ஷேக் பரீத் என்பவரிடம் இரும்புச் சட்டம் போட்டு ஆறடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி செய்யச் சொன்னார். அதை ஆள் பிடித்து மாடி ஏற்றி, கூடத்தில் வைத்து, தண்ணீர் நிரப்பினார்கள். கீழ் வீட்டுச் சங்கரன் ஓடி வந்து, மேல்தளம் இடிந்து என் தலையில் விழுந்தால் யார் ஜவாப்தாரி என்று சத்தம் போட்டார். அவர் கேட்டது நியாயம். அதன் பிறகு மாஹிம் கரையில் மீன் பிடிக்கிற கோலிக்காரர்களிடம் சொல்லிவைத்து, அவர்கள் முஷி என்று சொல்கிற சின்னச் சுறா ஒன்றை உயிரோடு வாங்கி வந்தார்கள். முழங்கை நீளம் இருக்கும். பழுப்பு நிறம், மேலே பட்டை பட்டையாய்க் கோடு. துரை வீட்டுப் படத்தில் இருந்தது போல அது சுற்றிச் சுற்றி வரவில்லை. பகல் முழுக்க அடியில் படுத்துக்கிடக்கும், வாயை மட்டும் அசைக்கும். பார்க்க வந்தவர்கள், செத்துப்போச்சா சார் என்று கேட்பார்கள். என் கணவருக்கு முகம் சுருங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆபீஸ்காரர்கள், சபாக்காரர்கள் என்று ஒரு கூட்டம் வரும். எல்லாருக்கும் காபி நான். மீனைக் காட்டுகிறது அவர், டம்ளர் கழுவுகிறது நான்.

வீட்டில் சுறா வளர்ப்பது என்றால் கண்ணாடித் தொட்டியும் தண்ணீரும் போதும் என்று அவர் நினைத்தார். அது எதைத் தின்னும் என்பதை அவர் யோசித்துப் பார்க்கவே இல்லை. வந்த அன்றைக்குத் தயிர் சாதம் போட்டுப் பார்த்தார். நான் பொய் சொல்லவில்லை, ஏட்டையா இதையும் எழுதிக்கொள்ளலாம். அது மோந்து கூடப் பார்க்கவில்லை. தண்ணீர்தான் பாலாய்ப் போயிற்று. இறாலும் மீன் துண்டும்தான் தின்னும் என்று கோலிக்காரர்கள் சொன்ன பிறகு, அவரும் தொட மாட்டார், நானும் தொட மாட்டேன் என்றாகி, லூசியம்மாளை ஏற்பாடு பண்ணினார்.

லூசியம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். சொந்த ஊர் உவரிப் பக்கம் கடற்கரை, இங்கே தாராவியில் இருக்கிறாள். புருஷன் இல்லை. எங்கள் தெருவிலேயே வேறு இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், தன் குடிசையிலேயே இறாலை உரித்து, மீனை நறுக்கி, ஈரத்துணியில் கட்டிக்கொண்டு வருவாள். பின்பக்க இரும்புப் படி வழியாக ஏறி, பால்கனி வழியாகத்தான் கூடத்துக்கு வர வேண்டும் என்பது என் கணவர் போட்ட உத்தரவு. மூங்கில் குச்சியில் குத்தித் தண்ணீருக்குள் நீட்டுவாள். தின்னு சவமே, தின்னு என்று அதட்டுவாள். அதுவும் தின்னும். தின்றது போக மிச்சத்தைத் துளி விடாமல் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் நாறிவிடும். அவள் வர முடியாத நாளில் மூட்டையை யாரிடமாவது கொடுத்து அனுப்புவாள், அன்றைக்கு அந்தக் குச்சியை நானே பிடித்தேன். பிறந்ததிலிருந்து மாமிசத்தைத் தொடாத கை இது. முதல் தடவை மூக்கைப் பொத்திக்கொண்டேன், பிறகு அதுவும் விட்டுப்போயிற்று. தலைக்கு ஊற்றிக்கொண்டு, மடி உடுத்திக்கொண்டு, அதன் பிறகுதான் அடுப்பு மூட்டுவேன். இப்படியே இடுப்பு ஒடிந்தது. சுறாவைக் கொண்டுவந்தவர் காலையில் ஷூ மாட்டிக்கொண்டு ஆபீஸ் போய்விடுவார்.

தொட்டிக்குக் காற்று அடிக்க ஒரு மோட்டார் உண்டு. மழைக் காலத்தில் கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும். அப்போது சொம்பில் தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் அதற்கு மூச்சு. ஒரு நாள் மத்தியானம் போன கரண்ட் சாயந்திரம்தான் வந்தது. அன்றைக்கு லூசியம்மாள் தன் மற்ற வேலையை விட்டுவிட்டு என்னோடு நின்றாள். நான் கொஞ்சம், அவள் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஊற்றினோம். நடுவில் அவள், "எங்க ஊர்ல பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊற சுறாவைப் புட்டு செஞ்சு குடுப்போம். இங்க நாம ரெண்டு பேரும் இதுக்கு நர்ஸு வேலை பாக்கோம்மா" என்றாள். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. அந்த வீட்டில் நான் சிரித்து வெகு நாளாகியிருந்தது. விஷம் வைக்க நினைக்கிறவள் அதற்காகக் கை வலிக்க நிற்க மாட்டாள்.

இனி தண்ணீர் விஷயம். முக்கியமானது இதுதான், ஆகையால் நிதானமாகச் சொல்கிறேன். கடல் தண்ணீர் இல்லாமல் சுறா பிழைக்காது. பழைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாய் எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எங்களில் சமுத்திரத்தைக் கண்ட நாளில் தொடக்கூடாது. அமாவாசை, பௌர்ணமி மாதிரியான பர்வ நாளில்தான் தொடலாம். மீனுக்குத் தண்ணீர் மொள்ளுவதும் தொடுவதுதான் என்று என் கணவர் வைத்துக்கொண்டார். ஆகவே அமாவாசை அன்றும் பௌர்ணமி அன்றும் மட்டும் தண்ணீர் வரும். செம்பூரில் இருக்கிற என் மைத்துனர் பஞ்சு, தெரிந்தவர் வேனில் போய் மண்ணெண்ணெய் டின்களில் நிரப்பிக்கொண்டு வருவார். மற்ற நாளில் கொண்டுவந்தால்தான் என்ன என்று பஞ்சு கேட்டதற்கு, மீனுக்காக ஆசாரத்தை விட முடியுமா என்று இவர் கோபித்துக்கொண்டார். மீன் வளர்ப்பதில் என்ன ஆசாரம் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ராத்திரி வரைக்கும் பேசுவார்.

ஆனி மாதம் மழை பிடித்துக்கொண்ட பிறகு, கடல் சேறாகிவிடும், மழைத் தண்ணீர் கலந்துவிடும், நல்ல தண்ணீர் கிடைக்காது என்று பயந்து, ஆனிப் பௌர்ணமி அன்று மழை விட்டிருந்த சமயமாய்ப் பார்த்து நிறையப் பிடித்து வைத்தார்கள். டின்னில் துரு ஏறுகிறது, மண்ணெண்ணெய் வாடையும் போகவில்லை. அப்போது என் கணவர், பரணில் இருந்த பெரிய செப்பு அண்டாவை இறக்கச் சொன்னார். என் கல்யாணத்துக்கு என் அப்பா சீராகக் கொடுத்தது. வெந்நீர் போடுகிற அண்டா. செம்பில் வைத்த ஜலம் சுத்தம், கெடவே கெடாது, நாம் குடிப்பதே செம்பில்தானே என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தேன். அதில் கடல் தண்ணீரை நிரப்பி, மூடி, அதிலிருந்து தினமும் தொட்டியில் ஊற்றி வந்தோம். ஊற்றியது சில நாள் நான், சில நாள் அவர். லூசியம்மாள் ஒரு நாளும் அந்த அண்டாவைத் தொட்டதில்லை. தொட விட்டதும் இல்லை.

ஆடி பிறந்தவுடன் மீன் தின்பதைக் குறைத்தது. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அடியில் கிடக்கும்போது பக்கவாட்டில் சாய்ந்துவிடும். அந்த வாரத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. நல்ல மழை. பின்பக்க இரும்புப் படி பாசி பிடித்து வழுக்குகிறது என்று லூசியம்மாள் முன்படி வழியாக ஏறி வந்துவிட்டாள். அப்போது என் கணவரோடு ஆபீஸ்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரிலேயே இவர் அவளைத் தாறுமாறாகப் பேசினார். அவள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, "மீனு மட்டும் கூடத்துல இருக்கலாம், அதுக்குத் தீனி கொண்டாறவ வாசல்ல வரப்பிடாதோய்யா?" என்று கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. அன்றைக்கும் இறாலை ஊட்டிவிட்டுத்தான் போனாள். இதைத்தான் விரோதம் என்றும், மிரட்டல் என்றும் புகாரில் எழுதியிருப்பதாக ஏட்டையா சொல்கிறார்.

அதன் பிறகு போன சனிக்கிழமை காலையில் சுறா செத்து மிதந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸின் பெரிய துரையே அதைப் பார்க்க வருவதாக இருந்தது. என் கணவர் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். எனக்கும் வருத்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊட்டி வளர்த்த ஜீவன். ஆனால் நிஜத்தைச் சொன்னால், அன்றைக்கு மத்தியானம் நான் கண்ணை மூடித் தூங்கினேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மத்தியானத் தூக்கம்.

என் கணவர் துரைக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, மீனை ஐஸில் போட்டு வைத்து, மீன் காட்சிசாலையில் வேலை பார்க்கிற ஒரு மராட்டிக்காரரை, தெரிந்தவர் மூலம் ஞாயிற்றுக்கிழமை வரவழைத்தார். அந்த மனிதர் மீனின் செவுளைத் திறந்து பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், தண்ணீர் எதில் சேமிக்கிறீர்கள் என்று கேட்டார். நான் அண்டாவின் மூடியைத் திறந்து காட்டினேன். தண்ணீர் நின்ற மட்டத்தில் வளையமாய்ப் பச்சை பூத்திருந்தது. அவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, இதுதான் காரணம் என்று இங்கிலீஷில் சொன்னார். உப்புத் தண்ணீர் செம்பை அரிக்கும், அரித்தது தண்ணீரில் கலக்கும், சுறா ஜாதிக்கு அது துளி போதும், விஷம் என்றார். நாங்கள் செம்பில்தானே குடிக்கிறோம் என்று இவர் கேட்டார். நல்ல தண்ணீருக்கும் கடல் தண்ணீருக்கும் வித்தியாசம் உண்டு சார், நீங்களும் இது தெரியாமல்தானே செய்தீர்கள் என்று அவர் சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். நான் நாலாம் பாரம் வரை படித்தவள். எனக்கு அந்த இங்கிலீஷ் புரிந்தது. என் கணவருக்குப் புரிந்ததா என்று ஏட்டையா கேட்கிறார். தினம் துரைகளுக்குக் கடிதம் எழுதுகிறவருக்குப் புரியாமல் என்ன?

அவர் போன பிறகு என் கணவர் வெகு நேரம் கூடத்தில் உலாவினார். அதன் பிறகு என்னிடம் வந்து, "அந்த ஆள் வந்ததையே யார்கிட்டயும் சொல்லாதே. அண்டாவைத் தேய்ச்சுப் பரண்ல ஏத்திடு. நம்மாத்து அண்டாவால செத்ததுன்னா ஆபீஸே சிரிக்கும்" என்றார். சரி என்றேன். முப்பது வருஷமாக அந்தச் சரி எனக்குத் தானாக வந்துவிடும். ஆனால் அண்டாவைத் தேய்க்கவில்லை. உடம்பு ஓய்ந்து போயிருந்தது, நாளைக்குத் தேய்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அது இப்போதும் பச்சையோடு வீட்டில் இருக்கிறது. போலீஸார் வந்து பார்க்கலாம்.

நேற்று திங்கட்கிழமை காலையில் அவர் ஆபீஸ் போனார். அங்கேயே புகாரை டைப் அடித்துக்கொண்டு இங்கே வந்து கொடுத்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. மத்தியானம் கீழே கூச்சல் கேட்டு எட்டிப் பார்த்தேன். எதிர்க் கட்டடத்திலிருந்து, தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே விடச் சொல்லி, சாம்பல் கையோடு லூசியம்மாளைப் போலீஸார் கூட்டிக்கொண்டு போனார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் மேலே அண்ணாந்து என்னைப் பார்த்தாள். சாயந்திரத்துக்குள் இரண்டு வீட்டிலும் இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதில் ஒரு வீட்டு அம்மாள் என்னிடமே வந்து, நல்லவேளை மாமி, எங்காத்துல சாப்பாட்டுல கையை வைக்கலையே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ராத்திரி அவரிடம் கேட்டேன். அந்த மராட்டிக்காரர் சொன்னதை நீங்களும்தானே கேட்டீர்கள் என்றேன். ரெண்டு நாள் உட்கார்த்தி வைத்துவிட்டு விட்டுவிடுவார்கள், அவளுக்கு என்ன நஷ்டம் என்றார். காலையில் அவரை ஆபீஸுக்கு அனுப்பிவிட்டு, வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தே வந்தேன். உள்ளே நுழைந்தபோது லூசியம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். உட்காரு என்றேன்.

இதையெல்லாம் எழுதி முடித்து ஏட்டையா வாசித்துக் காட்டினார். ஓர் இடத்தில், என் கணவர் தவறாக எண்ணிப் புகார் கொடுத்துவிட்டார் என்று எழுதியிருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லையே என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தெரிஞ்சே பொய்ப் புகார் குடுத்தாருன்னு எழுதினா ஐயா மேலயே கேஸ் திரும்பும்மா. ஆபீஸு உத்தியோகம், பேரு எல்லாம் இருக்குல்லா. தவறா எண்ணின்னு இருந்தாலும் இந்தப் பொம்பளையை விட்டுருவாங்க. யோசிச்சுக்கிடுங்க" என்றார். நல்ல மனுஷர், என் நன்மைக்குத்தான் சொன்னார்.

யோசித்தேன். சாயந்திரம் நான் திரும்பிப் போக வேண்டியதும் அந்த வீட்டுக்குத்தான். அவர் வந்தால் காபி கலந்து கொடுக்க வேண்டியதும் நான்தான். ஆனால் தவறாக எண்ணி என்று இருந்தால், எண்ணுவதற்கு ஏதோ இடம் இருந்தது என்றுதானே அர்த்தம். இடம் கொடுத்தவளை நாளைக்கு எந்த வீட்டில் சமையல்கட்டுக்குள் விடுவார்கள்? விட்டுவிட்டார்கள் என்பது வேறு, அவள் செய்யவில்லை என்பது வேறு. ஆகவே அந்த இரண்டு வார்த்தையையும் அடித்துவிட்டு, மேலே தெரிந்தே என்று எழுதச் சொன்னேன். ஏட்டையா இன்னொரு தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதினார். அடித்தலுக்குப் பக்கத்தில் நானே இனிஷியல் வைத்திருக்கிறேன்.

சாட்சி சொல்கிறவர்கள் இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, அதுதான் சட்டம் என்று ஏட்டையா சொல்கிறார். இருக்கட்டும். இதில் உள்ளது எல்லாம் நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் பயமுறுத்தவில்லை, கோபத்திலும் சொல்லவில்லை. கோர்ட்டில் கூப்பிட்டால் அங்கேயும் வந்து இதையே சொல்வேன். கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) வாலாம்பாள்